வழக்குக் கட்டில் இல்லாத காகிதம்

வடகிழக்குப் போலந்தில் ஏரிகளுக்கு நடுவே இருக்கும் ஊர் ஓல்ஷ்டின். 2019 நவம்பரில் அங்குள்ள மண்டல நீதிமன்றத்தில் பாவெல் யுஷ்சிஷின் என்ற நீதிபதியின் மேசைக்கு ஒரு மேல்முறையீடு வந்தது. பெரிய வழக்கு ஒன்றுமில்லை. பணம் கேட்டுத் தொடுத்த உரிமையியல் வழக்கு. லிட்ஸ்பார்க் வார்மின்ஸ்கி என்ற சிற்றூரின் நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மேல்முறையீட்டைக் கேட்பவர் வாதங்களுக்குள் போகுமுன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கீழே தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் முறைப்படி அமைந்ததா? அங்கே உட்கார்ந்தவர் உட்காரத் தகுதியுள்ளவர்தானா? வருடக்கணக்கான பழக்கத்தில் கண் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். அன்று யுஷ்சிஷினின் கண் அங்கேயே நின்றது.

கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தவர் அண்மையில் நியமனம் பெற்றவர். அவரைப் பரிந்துரைத்தது தேசிய நீதித்துறை மன்றம். 1989இல் கம்யூனிஸ்ட் அரசும் சாலிடாரிட்டி இயக்கமும் வட்டமேசையில் உட்கார்ந்து பேசியதன் பயனாக உருவான அமைப்பு அது. இனி நீதிபதியை ஆளுங்கட்சி தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காகவே அதை உருவாக்கினார்கள். அதில் 15 இடங்கள் நீதிபதிகளுக்கு உரியவை. நீதிபதிகளே தங்களுக்குள் அவர்களைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2017 டிசம்பரில் சட்டம் மாறியது. அந்த 15 பேரையும் நாடாளுமன்றத்தின் கீழவையான ஸெய்ம் தேர்ந்தெடுக்கும் என்றானது. வேட்பாளராக நிற்க 25 நீதிபதிகளோ 2000 குடிமக்களோ ஆதரித்துக் கையெழுத்திட வேண்டும். யார் யார் கையெழுத்திட்டார்கள்? ஸெய்ம் செயலகம் அந்தப் பட்டியலை வெளியிடவில்லை. வெளியிடச் சொல்லி 2019 ஜூனில் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பட்டியல் வெளியே வரவில்லை.

நவம்பர் 19 அன்று லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு நீதிபதியின் சுதந்திரத்தில் நியாயமான ஐயம் எழுந்தால், அவரைப் பரிந்துரைத்த மன்றம் எப்படி அமைந்தது என்பதையும் உள்நாட்டு நீதிமன்றங்கள் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். மறுநாளே யுஷ்சிஷின் ஸெய்ம் செயலகத்துக்கு உத்தரவு போட்டார். அந்த ஆதரவுப் பட்டியல்களை அனுப்புங்கள்.

ஆவணம் கேட்பது நீதிபதி அன்றாடம் செய்கிற வேலை. வங்கியிடம் கணக்கைக் கேட்பார், பதிவு அலுவலகத்தில் பத்திர நகலைக் கேட்பார், மருத்துவமனையிடம் சிகிச்சைக் குறிப்பைக் கேட்பார். கட்டில் இல்லாத காகிதத்தை வரவழைக்காமல் தீர்ப்பு எழுத முடியாது. இந்தத் தொழிலில் அதைவிடச் சாதாரணமான காரியம் வேறில்லை. அந்தச் சாதாரணமான காரியத்துக்கு அவருக்குக் கிடைத்த பதில்தான் போலந்தின் கதையைச் சொல்கிறது.

யுஷ்சிஷின் மாவட்ட நீதிமன்ற நீதிபதி. மண்டல நீதிமன்றத்தில் அயல்பணியில் இருந்தார். சில நாட்களுக்குள் நீதித்துறை அமைச்சர் அந்த அயல்பணியை ரத்து செய்தார். அடுத்து, அவருடைய மாவட்ட நீதிமன்றத்தின் தலைவர் அவரை ஒரு மாதம் பணியிலிருந்து விலக்கி வைத்தார். அந்தத் தலைவரே புதிய நீதித்துறை மன்றத்தின் உறுப்பினர். யுஷ்சிஷின் கேட்ட பட்டியல்களில் அவருடையதும் ஒன்று. யுஷ்சிஷின் நீதிமன்றத்துக்கு வெளியே செய்தியாளர்களிடம் பேசினார். தன் பதவி உயர்வு அரசியல்வாதிகளின் கையில் இருந்தாலும் நீதிபதி அவர்களுக்கு அஞ்சக் கூடாது என்று சொன்னார். டிசம்பர் முதல் தேதி, பல ஊர்களில் மக்கள் அவருக்காகத் தெருவில் நின்றார்கள்.

2020 பிப்ரவரி 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் புதிய ஒழுங்கு நடவடிக்கை அமர்வு அவரைக் காலவரையின்றிப் பணியிடைநீக்கத்தில் வைத்து, சம்பளத்தில் 40 சதவீதத்தைப் பிடித்தது. அந்த வாரமே ஓல்ஷ்டினில் நீதிபதிகள் கூட்டம் கூடி, அவருக்கு ஆதரவாகத் தீர்மானங்களைக் கொண்டுவந்தது. நீதிமன்றத் தலைவர் அந்தத் தாள்களை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப் போட்டார். கேமரா அதைப் பதிவு செய்தது. அடுத்த வாரம் ஸெய்ம் பட்டியல்களை வெளியிட்டது. அந்தத் தலைவருக்காகக் கையெழுத்திட்டவர்களில் சிலர் தேர்தலுக்கு முன்பே தங்கள் ஆதரவைத் திரும்பப் பெற்றிருந்தது நாட்டுக்கே தெரிந்தது. கேட்டவரோ அப்போது வீட்டில் இருந்தார்.

போலந்தில் நீதிபதியின் அங்கி கறுப்பு, ஓரம் ஊதா. அரசு வழக்கறிஞருக்குச் சிவப்பு ஓரம், வழக்கறிஞருக்குப் பச்சை. அமர்வுக்குத் தலைமை தாங்குபவர் கழுத்தில் வெள்ளைக் கழுகுச் சின்னம் தொங்கும் சங்கிலி இருக்கும். தீர்ப்பைப் படிக்கும்போது கூடத்தில் இருக்கும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். போலந்துக் குடியரசின் பெயரால் என்றுதான் தீர்ப்புத் தொடங்கும். கம்யூனிஸ்ட் காலத்திலும் இந்த அங்கியும் எழுந்து நிற்கும் சடங்கும் இருந்தன. சோவியத் உலகில் அன்றைய நடைமுறைக்கு மக்கள் வைத்த பெயர் ‘தொலைபேசிச் சட்டம்’. கட்சி அலுவலகத்திலிருந்து போன் வரும், தீர்ப்பு அதன்படி வரும். 1989க்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தவர்கள் அந்தத் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது என்று நம்பித்தான் அங்கியை மாட்டினார்கள்.

சட்டம் மற்றும் நீதிக் கட்சி 2015இல் ஆட்சிக்கு வந்தபோது நீதிமன்றங்களைக் கம்யூனிஸ்ட் எச்சங்களிடமிருந்து விடுவிக்கப் போவதாகச் சொன்னது. நாட்டில் இருந்த சுமார் 10,000 நீதிபதிகளில் மிகப் பெரும்பாலோர் 1989க்குப் பிறகு பணிக்கு வந்தவர்கள். நீதிமன்றங்களை மாற்றிய சட்டங்களை ஸெய்மின் நீதிக் குழுத் தலைவராக இருந்து நிறைவேற்றித் தந்த ஸ்டானிஸ்வாவ் பியோத்ரோவிச், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்த பழைய அரசு வழக்கறிஞர். 2019 டிசம்பரில் அவரே அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதியானார். இந்த ஒரு விவரம் போதும், விடுவிப்பு என்ற சொல்லை எந்த எடையில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய.

ஆனாலும் மக்களுக்கு நீதிமன்றத்தின் மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். வழக்குகள் இழுத்தடித்தன. சொத்துப் பிரிவினைக்கு வந்தவர் பிள்ளைகள் வளர்ந்து போகும்வரை அலைந்தார். நீதிபதிகள் தீர்ப்பை விளக்கிச் சொல்லப் பழகியிருக்கவில்லை. தங்களுக்குள் ஒரு சாதிபோல ஒதுங்கியிருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. அரசு அந்தக் கோபத்தைத்தான் விறகாக எடுத்தது. 2017 இலையுதிர்காலத்தில் நாடெங்கும் நீதிபதிகளைக் குற்றம் சாட்டும் விளம்பரப் பலகைகள் எழுந்தன. அரசு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஒரு அறக்கட்டளை அவற்றை வைத்தது. வழக்குகள் விரைவுபடும் என்ற வாக்குறுதி மட்டும் நிறைவேறவில்லை. வழக்கு முடிய ஆகும் சராசரிக் காலம் அந்த ஆட்சியில் நீண்டது.

இந்த வழியை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஹங்கேரியில் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் முன்பே நடந்து பார்த்த வழி. அங்கே உச்ச நீதிமன்றத் தலைவராக இருந்தவர் அந்த்ராஷ் பகா. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 17 ஆண்டுகள் நீதிபதியாக இருந்துவிட்டுத் தாய்நாடு திரும்பியவர். அரசின் நீதித்துறைச் சட்டங்களை அவர் வெளிப்படையாக விமர்சித்தார். விமர்சிப்பது அவர் பதவியின் கடமைகளில் ஒன்று. 2012 ஜனவரி முதல் தேதி உச்ச நீதிமன்றத்தின் பெயரை மாற்றினார்கள். பழைய நீதிமன்றம் முடிந்தது, அதன் தலைவரின் பதவிக்காலமும் மூன்றரை ஆண்டு மிச்சமிருக்க முடிந்தது என்றார்கள். புதிய தலைவருக்கு ஹங்கேரியில் ஐந்து ஆண்டு நீதிபதி அனுபவம் வேண்டும் என்று விதி வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. அதே சமயம் நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைந்தது. பல நீதிமன்றங்களில் மூத்தவர்களின் நாற்காலிகள் ஒரே வீச்சில் காலியாகின. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை ஒரே ஆண்டில் தவறு என்றது. ஆனால் அதற்குள் அந்த நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

வார்சாவில் இதைப் பாடமாகப் படித்திருந்தார்கள். 2016 மார்ச்சில் நீதித்துறை அமைச்சர் பதவியும் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியும் ஒன்றாயின. குற்றம் சாட்டும் தரப்பின் தலைவரே, குற்றத்தை விசாரிக்கும் நீதிமன்றங்களின் தலைவர்களை நியமிப்பவரும் ஆனார். 2017 ஜூலையில் வந்த சட்டம் அவருக்கு ஆறு மாத அவகாசம் தந்தது. அதற்குள் எந்த நீதிமன்றத் தலைவரையும் காரணம் சொல்லாமல் நீக்கலாம். 150க்கும் மேற்பட்ட தலைவர்களும் துணைத் தலைவர்களும் போனார்கள். க்ராகுவ் மண்டல நீதிமன்றத் தலைவர் பெயாட்டா மொராவியெட்ஸ் விடுப்பில் இருந்தபோது நீக்க உத்தரவு நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. அமைச்சகம் அவர் பெயரை ஒரு ஊழல் விசாரணையோடு சேர்த்து அறிக்கை விட்டது. அவர் வழக்குப் போட்டு வென்றார். பின்னர் அவரும் ஒழுங்கு அமர்வின் முன் நிறுத்தப்பட்டுப் பல மாதம் பணியிழந்து இருந்தார்.

நீதிமன்றத் தலைவர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று வெளியாட்கள் கேட்பார்கள். உள்ளே வேலை பார்ப்பவருக்குத் தெரியும். யாரை எந்தப் பிரிவில் போடுவது, யாருக்கு உதவியாளர், யாருக்கு விடுப்பு, யார் மேல் புகார் அனுப்புவது, எல்லாம் அந்த அறையில்தான் முடிவாகின்றன. குற்றவியல் வழக்குகளில் தேர்ந்தவரைத் தொழிலாளர் பிரிவுக்கு மாற்றினால் அவர் சட்டத்தையே முதலிலிருந்து படிக்க வேண்டும். தண்டனை என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. நிர்வாக வசதிக்காக என்றுதான் எழுதியிருக்கும். பழைய தொலைபேசி இப்போது தேவையில்லை. எந்த உத்தரவு பிடிக்கும், எது பிடிக்காது என்பதை நீதிபதி தானே ஊகித்துக்கொள்வார் என்பதுதான் கணக்கு. போலந்து நீதிபதிகள் இதை ‘உறையவைக்கும் விளைவு’ என்று சொல்வார்கள். பேனாவைப் பிடித்த கை ஒரு கணம் நிற்கும் அந்தக் குளிர்தான் அது.

அந்தக் குளிர் எங்கே போய்த் தொடும் என்பதற்கு கோஷுவ் வியெல்கோபோல்ஸ்கி ஊரின் நீதிபதி அலினா சுபியென்யாக் சாட்சி. அறிவுத்திறன் குறைபாடுள்ள 19 வயது இளைஞன் ஒருவனைக் குற்றச்சாட்டின் பேரில் காவலில் வைத்திருந்தார்கள். அவனுக்கு வழக்கறிஞர் இல்லை. தனக்காகப் பேசத் தெரியாதவனை வழக்கறிஞர் இல்லாமல் விசாரித்தது தவறு என்று சொல்லி, மேல்முறையீட்டில் சுபியென்யாக் அந்தக் காவலை ரத்து செய்தார். எந்த நாட்டின் சட்டக் கல்லூரியிலும் முதலாண்டு மாணவர் சொல்லும் பதில் இது. 2019 மார்ச்சில் ஒழுங்கு அமர்வு அவருக்கு எச்சரிக்கைத் தண்டனை கொடுத்தது. குற்றம், அவர் எழுதிய தீர்ப்பு.

உச்ச நீதிமன்றத்தை அசைக்க மறுபடியும் வயதைத்தான் எடுத்தார்கள். 70 என்பது 65 ஆனது. 2018 ஜூலை தொடங்கியபோது 72 பேரில் 27 பேர் வீட்டுக்குப் போக வேண்டிய நிலை. அவர்களில் நீதிமன்றத்தின் தலைவர் மால்கோர்சாட்டா கெர்ஸ்டோர்ஃபும் ஒருவர். தலைவரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு என்று அரசியல் சாசனமே சொல்கிறது. அவருக்கு 2020 வரை இருந்தது. ஜூலை 4 காலை, அவர் வழக்கம்போல் வேலைக்குப் போனார். வாசலில் கூட்டம் வெள்ளை ரோஜாக்களோடு நின்றது. மாதக்கணக்கில் இரண்டு நிலையும் ஒருசேர நீடித்தன. அரசுக்கு அவர் ஓய்வு பெற்றவர், அவர் கணக்கில் அவர் பணியில் இருப்பவர். அக்டோபரில் லக்சம்பர்க் இடைக்கால உத்தரவு போட்டபின் நீதிபதிகள் திரும்பி வந்தார்கள். ஹங்கேரியில் தாமதமாக வந்த உத்தரவு இங்கே நேரத்தில் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அந்த 27 நாற்காலிகளும் சொல்லும்.

போலந்தின் தெருவிலும் ஒன்று நடந்தது. மக்கள் அரசியல் சாசனம் என்ற சொல்லைச் சட்டையில் அச்சிட்டு அணியத் தொடங்கினார்கள். போலிஷ் மொழியில் அந்தச் சொல் ‘கொன்ஸ்திதுட்சியா’. அதை எழுதும்போது நடுவே ‘தி’ என்ற அசையும் கடைசியில் ‘யா’ என்ற அசையும் வரும். தனியே படித்தால் முதலாவது ‘நீ’, இரண்டாவது ‘நான்’. ஓவியர் லூகா ரைஸ்கி 2017இல் வரைந்த சுவரொட்டியில் அந்த இரண்டு அசைகளும் தனி நிறத்தில் இருந்தன. ஒரு சட்டப் புத்தகத்தின் பெயருக்குள் நீயும் நானும் இருப்பதை ஒரு நாடே திடீரென்று பார்த்தது.

நீதிபதிகளும் கூடத்தைவிட்டு வெளியே வரப் பழகினார்கள். இசைவிழாத் திடல்களில் கூடாரம் போட்டு இளைஞர்களுக்கு மாதிரி விசாரணை நடத்திக் காட்டினார்கள். அங்கியையும் கழுகுச் சங்கிலியையும் அணிந்து அப்படி நடத்திய ஒரு நீதிபதியிடம் ஒழுங்கு அதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள். ஒரு காலத்தில் ஒதுங்கி நின்ற சாதி, இப்போது ஊர்ச் சதுக்கத்தில் நின்று சட்டப் பிரிவுகளைப் பேச்சு வழக்கில் விளக்கியது. இந்த ஆண்டுகளில் நடந்த நல்ல காரியம் இதுதான் என்று தயங்காமல் எழுதலாம். 2020 ஜனவரி 11 அன்று வார்சாவில் நடந்த ‘ஆயிரம் அங்கிகளின் ஊர்வலம்’ அதன் உச்சம். ஐரோப்பாவின் 20க்கும் மேற்பட்ட நாடுகளின் நீதிபதிகள் தங்கள் நாட்டு அங்கிகளை அணிந்து, உச்ச நீதிமன்றத்திலிருந்து ஸெய்ம் வரை கோஷமில்லாமல் நடந்தார்கள். அடுத்த மாதமே, மற்றொரு நீதிபதியின் நியமனத்தைக் கேள்வி கேட்பதையே ஒழுங்கீனமாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதற்கு ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’ என்று பெயரிட்டார்கள்.

வார்சா நீதிபதி இகோர் துலேயாவின் முறை அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. 2016 டிசம்பரில் ஸெய்ம் தன் வழக்கமான அவையை விட்டு வேறொரு மண்டபத்தில் வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்கெடுத்தது. தங்களை உள்ளே விடவில்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். அது பற்றிய விசாரணையை மூடக் கூடாது என்று ஓராண்டு கழித்து உத்தரவிட்டவர் துலேயா. உத்தரவைப் படிக்கும்போது பத்திரிகையாளர்களைக் கூடத்தில் இருக்க அனுமதித்தார். புலனாய்வு ரகசியத்தை வெளியிட்டார் என்பது அவர்மேல் குற்றச்சாட்டு. ஒழுங்கு அமர்வை அவர் நீதிமன்றமாகவே ஏற்கவில்லை. உள்ளே போகாமல் வெளியே தனக்காகக் கூடியிருந்தவர்களோடு நின்றார். சட்டப் பாதுகாப்பு பறிபோனது, சம்பளத்தில் 25 சதவீதம் போனது, வேலை போனது. அரசு வழக்கறிஞர் மூன்று முறை அழைத்தும் அவர் போகவில்லை. கைது செய்தாவது கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையை, வியக்கும்படியாக, அதே அமர்வு 2021 ஏப்ரலில் நிராகரித்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகே, 2022 நவம்பர் இறுதியில், அவர் அங்கியை மறுபடி எடுத்தார்.

வழக்கு இல்லாத நீதிபதி என்ன செய்வார்? வேறு வேலைக்குப் போகவும் சட்டம் இடம் தராது. விரிவுரை நிகழ்த்தலாம், அவ்வளவுதான். அவர் பாதியில் விட்ட வழக்குகள் இன்னொருவருக்குப் போகும். சாட்சிகளைப் புதிதாகக் கேட்பார்கள். விவாகரத்துக்கு வந்த பெண் இரண்டாவது முறை அதே துயரத்தை வேறொருவர் முன் சொல்ல வேண்டிவரும். செய்தித்தாளில் இடம்பெறுவது நீதிபதியின் பெயர். அந்தப் பெண்ணின் நாள் எதிலும் பதிவாவதில்லை.

யுஷ்சிஷின் பக்கம் 2021 ஏப்ரலில் பிட்கோஷ்ச் நகர நீதிமன்றம் நின்றது. அவரைப் பணி செய்ய விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அந்த உத்தரவோடு அவர் வேலைக்குப் போனார். விடவில்லை. அந்த அக்டோபரில், ஒழுங்கு அமர்வை நிறுத்தி வைக்காததற்காக, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் போலந்துக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பின்னாளில் அது பாதியானது. மொத்தம் 50 கோடி யூரோவுக்கும் மேல், போலந்துக்கு வர வேண்டிய நிதியிலிருந்து கழிந்தது. 2022 மே மாதம் யுஷ்சிஷினின் பணியிடைநீக்கம் நீங்கியது. நீதிமன்றத் தலைவர் அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பி, உரிமையியல் பிரிவிலிருந்து குடும்ப வழக்குப் பிரிவுக்கு மாற்றினார். அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. அவரைத் தண்டித்ததன் முதன்மை நோக்கமே, புதிய நீதிபதிகளின் நியமனத்தை அவர் ஆராயாமல் தடுப்பதுதான் என்று அது எழுதியது. அரசு சொன்ன காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு என்று ஒரு நீதிமன்றம் எழுதுவது அரிது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 18ஆவது. அதை எளிதில் தொட மாட்டார்கள்.

2023 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியது. க்ராகுவ் நீதிபதியாக இருந்து, நீதித்துறை மன்றத்தின் செய்தித் தொடர்பாளராக அரசை விமர்சித்ததற்காகத் தொல்லைகளுக்கு ஆளான வால்டெமர் ஜூரெக் 2025 ஜூலையில் நீதித்துறை அமைச்சரானார். துன்பப்பட்டவர் கைக்கே அதிகாரம் வந்திருப்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அமைச்சர் நாற்காலி அதே நாற்காலிதான். புதிய சட்டங்களுக்குக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் கிடைக்காமல் சட்டங்கள் நிற்கின்றன.

சிக்கல் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. மாறிய மன்றத்தின் பரிந்துரையில் வந்த நீதிபதிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். பேச்சு வழக்கில் அவர்கள் ‘நவ நீதிபதிகள்’. சிலர் அரசியலின் கைபிடித்து ஏறியவர்கள். பலர் அப்படியல்ல, பல ஆண்டு உதவியாளராக உழைத்து, காலியிடத்துக்குக் காத்திருந்து, அப்போது திறந்திருந்த ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள். பக்கத்து அறையில் இருக்கும் அந்த இளம் நீதிபதியோடு ஒரே அமர்வில் உட்கார மாட்டேன் என்று மூத்தவர் எழுதிக் கொடுக்கிறார். காலையில் தாழ்வாரத்தில் இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவும் வேண்டும்.

சாலிடாரிட்டி இயக்கத்தின் தலைவராக இருந்த லெக் வலேன்சாவுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். தன்மேல் சுமத்தப்பட்ட உளவாளிப் பழிக்கு எதிராக 2011இல் அவர் வென்ற வழக்கை, பத்து ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றத்தின் புதிய அமர்வொன்று ரத்து செய்தது. முடிந்துபோன வழக்கு என்பதே இனி இல்லையா என்ற கேள்வி அதில் இருந்தது. 2023 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் வலேன்சாவின் பக்கம் நின்றது. வலேன்சாவுக்குப் பெயர் இருக்கிறது, உலகம் கேட்கும். மற்றவர்களுக்கு?

இன்று போலந்தில் சில கூடங்களில், வழக்கை எடுக்குமுன் வழக்கறிஞர் எழுந்து ஒரு மனுவைக் கொடுக்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் நீதிபதி எப்படி நியமிக்கப்பட்டார், அவர் முறையான நீதிபதிதானா என்று ஆராயும்படி கேட்கும் மனு. ஓல்ஷ்டினில் யுஷ்சிஷின் கேட்ட அதே கேள்வி, இப்போது அச்சடித்த படிவம்போல ஆகிவிட்டது. நீதிபதி அதை வாங்கிப் படித்து, வழக்குக் கட்டின் மேலே வைத்து, வாய்தா போடுகிறார். கடன் பாக்கிக்கு வந்தவர் கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த தேதியைத் தாளில் குறித்துக்கொண்டு, ஊர்ப் பேருந்தைப் பிடிக்கப் போகிறார்.